கரிமலை ஏற குமரன்குன்றத்தில் ஒத்திகை!

மாலை போட்டாச்சா சாமி? எருமேலியிலிருந்து பம்பை வரை பெரிய பாதை. அழுதை மேட்டைத் தாண்டி வந்தவர்களையும் திணறவைப்பது கரிமலை. ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறக்கத்தில் முழங்கால் நடுங்கும்.

குரோம்பேட்டை சாமிகளுக்கு ஒத்திகை பார்க்கப் பக்கத்திலேயே இருக்கிறது குமரன்குன்றம். 41 நாள் விரதத்தில் தினமும் வெறுங்காலோடு அந்தப் படிகளில் ஏறி இறங்குங்கள். முதலில் ஒருமுறை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இறங்கும்போதுதான் நிதானம் முக்கியம்.

சரணம் சொல்லிக்கொண்டே ஏற முடிகிறதா? அதுதான் உங்கள் வேகம். சொல்ல மூச்சு போதவில்லை என்றால் நின்றுவிடுங்கள். நெஞ்சு வலித்தால் உடனே உட்கார்ந்து, குருசாமியிடம் சொல்லி, மருத்துவ உதவி கேளுங்கள். பிரஷர், சுகர் உள்ளவர்கள் கிளம்பும் முன்பே டாக்டரைப் பாருங்கள். மாத்திரை கைக்கெட்டும் தோள்பையில் இருக்கட்டும்.

கொஞ்சம் தாமதமானாலும் ஐயப்பன் காத்திருப்பார், சாமி!