முட்டுக்கட்டை இல்லாத 10 நிமிடம்

வில்லியனூர்த் தேரோட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நிலையில் நிற்கும் தேரை முதல் அடி நகர்த்துவதுதான் பெரும்பாடு. வடம் பிடித்தவர்கள் மூச்சைப் பிடித்து இழுப்பார்கள். பின்னால் நெம்புகோல் கொடுப்பார்கள். சக்கரம் ஒருமுறை உருண்டுவிட்டால், பிறகு அவ்வளவு சிரமம் இராது. அசையாத பொருளை அசைப்பதற்கு வேண்டிய விசை, அசைந்துகொண்டிருப்பதைத் தொடர்ந்து அசைப்பதற்கு வேண்டிய விசையைவிட அதிகம் என்று இயற்பியல் கூறும்.

தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுவார்கள். அது இல்லாமல் தேரோட்டம் இல்லை. ஆனால் தேர் புறப்படுமுன்பே எல்லாச் சக்கரங்களுக்கும் முட்டுக்கட்டை கொடுத்துவிட்டு வடத்தை இழுத்தால் என்ன ஆகும்? வெள்ளைத்தாளின் முன் பேனாவும் கையுமாக உட்காரும்போது நம்மில் பலர் செய்வது இதைத்தான்.

ஏரிக்கரைக் கேள்வி

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். என் மாணவர்களில் பலர் வில்லியனூர், பாகூர்ப் பகுதிக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். ஒருநாள் அவர்களிடம் ஒரு கேள்வி கொடுத்தேன். தென்பெண்ணையாற்று நீர் பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வருகிறது. அந்த ஏரியின் கரை அடியில் அகன்றும் மேலே குறுகியும் இருப்பது ஏன்? சொந்த நடையில் எழுத வேண்டும். நேரம் 20 நிமிடம்.

பாதிப் பேர் பாடப்புத்தக வரையறையை ஒப்பித்திருந்தார்கள். ஒரு மாணவியின் தாளில் ஒரே வாக்கியம் ஐந்து முறை எழுதப்பட்டு, ஐந்து முறையும் அடிக்கப்பட்டிருந்தது. அவர் விவசாயக் குடும்பத்துப் பெண். வாயால் சொல்லும்படி கேட்டேன்.

"ஏரி ரொம்பி இருக்கும்போது மதகுல தண்ணி பீச்சி அடிக்கும் சார். கோடையில மட்டம் எறங்கிட்டா அதே மதகுல சோம்பலா வரும்" என்றார்.

டாரிசெல்லி விதி என்று நாம் படிப்பதன் சாரமே இதுதான். "இதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டேன். "இதெல்லாம் எழுதலாமா சார்? தமிழ் தப்பாயிடுமே" என்று பதில் வந்தது.

விஷயம் அவரிடம் இருந்தது. பேனாதான் நகரவில்லை.

அடுத்த வாரம் வேறொரு முறையைக் கையாண்டேன். "10 நிமிடம் கையை நிறுத்தாமல் எழுதுங்கள். பேச்சுத் தமிழில் எழுதலாம். பிழை வந்தால் வரட்டும். எதையும் அடிக்காதீர்கள். நான் தாளை வாங்கமாட்டேன்" என்றேன். மணி அடித்ததும் அந்த மாணவி தாமாகவே தாளைக் கொண்டுவந்து காட்டினார். முதல் சில வரிகளில், என்ன எழுதுவதென்று தெரியவில்லை என்பதையே திரும்பத் திரும்ப எழுதியிருந்தார். பிறகு மதகு வந்தது. அதன் பிறகு ஒரு கேள்வி வந்தது: "ஏரி அகலமா இருந்தா கரையை ஜாஸ்தியா தள்ளுமா, ஆழமா இருந்தாத்தான் தள்ளுமா?"

சைமன் ஸ்டெவின் என்னும் அறிஞர் 1586-இல் நூலெழுதி விளக்கிய கேள்வியல்லவா இது! ஏரி ஒரு கிலோமீட்டர் அகலமானாலும் சரி, பத்தடி அகலமானாலும் சரி, ஓரிடத்தில் நீரின் அழுத்தம் ஆழத்தை மட்டுமே பொறுத்தது. ஒவ்வொரு மீட்டர் ஆழத்திற்கும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் எடை வீதம் அது கூடுகிறது. கரையின் அடிப்பகுதி அகன்றிருப்பதற்கு, மண் சரியாமல் நிற்க வேண்டும் என்பதோடு இதுவும் ஒரு காரணம். நான் கேட்ட கேள்விக்கு விடை எழுதத் தயங்கிய மாணவி, என் கேள்வியைவிட நல்ல கேள்வி ஒன்றைத் தாமே கண்டுபிடித்துவிட்டார்.

மூளையில் நடப்பது என்ன?

எழுதும்போது மனம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, கருத்துகளைப் பிறப்பிப்பது. மற்றது, அவற்றைச் சோதித்துக் கழிப்பது. இரண்டாவதுதான் முட்டுக்கட்டை.

நம் மனம் ஒரே நேரத்தில் கையாளக்கூடியவை மிகச் சில. அவை ஏறத்தாழ நான்கு கூறுகளே என்று நெல்சன் கோவன் என்னும் உளவியலறிஞர் 2001-இல் மதிப்பிட்டார். ஒற்றுப்பிழை, இலக்கணம், ஆசிரியர் என்ன நினைப்பார் என்ற அச்சம் ஆகிய மூன்றும் வந்து உட்கார்ந்துவிட்டால், சொல்ல வந்த விஷயத்துக்கு இடம் ஏது?

2008-இல் சார்லஸ் லிம், ஆலன் பிரான் என்னும் ஆய்வாளர்கள் ஆறு ஜாஸ் பியானோக் கலைஞர்களை மூளைப்படம் எடுக்கும் கருவிக்குள் படுக்கவைத்து வாசிக்கச் செய்தார்கள். மனப்பாடமான இசையை விட்டுக் கற்பனையாக வாசித்தபோது, தன்னைத் தானே கண்காணிப்பதோடு தொடர்புடைய முன்மூளைப் பக்கப் பகுதிகளின் செயல்பாடு குறைந்தது. இசையில் கண்டது எழுத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று உடனே முடிவு கட்டலாகாது. எனினும், படைக்கும் நேரத்தில் காவலாளி சற்றே விலகி நிற்கிறான் என்ற கருத்துக்கு இது துணை நிற்கிறது.

புதியதன்று இம்முறை

காலையில் கண் விழித்ததும், எதையும் படிக்குமுன் மனத்தில் வந்ததை எழுதுங்கள் என்று அமெரிக்க எழுத்தாளர் டாரத்தியா பிராண்ட் 1934-இல் ஒரு நூலில் கூறினார். 10 நிமிட எழுத்துப் பயிற்சியைப் பரவலாக்கியவர் பீட்டர் எல்போ என்னும் பேராசிரியர். அவருடைய நூல் 1973-இல் வெளிவந்தது. எழுத முடியாமல் திணறி, மேற்படிப்பை ஒருமுறை பாதியில் விட்டவர் அவர் என்பது குறிப்பிடத்தக்கது.

நம் புதுச்சேரியிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. துய்ப்ளேயிடம் தலைமைத் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அவர் கடிகாரம் வைத்துக்கொண்டு எழுதியவரல்லர். ஆனால் பண்டிதத் தமிழைத் தேடாமல், அன்றைய பேச்சு வழக்கிலேயே கப்பல், வியாபாரம், சண்டை, ஊர்வம்பு என்று எல்லாவற்றையும் எழுதிவைத்தார். நடை அழகாக வரட்டும் என்று காத்திருந்தால், அந்த நூற்றாண்டின் புதுச்சேரி நமக்கு இவ்வளவு தெரிந்திராது.

நீங்களும் செய்து பாருங்கள்

ஒரு தாள், ஒரு பேனா, ஒரு கடிகாரம் போதும். ஒரு சிறிய தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: மதகு, மிதிவண்டிச் சங்கிலி, மழைக்கால மின்வெட்டு, எதுவாயினும் சரி. மணி பார்த்து 10 நிமிடம் எழுதுங்கள். கை நிற்கக்கூடாது. ஒன்றும் தோன்றாவிட்டால், ஒன்றும் தோன்றவில்லை என்றே எழுதுங்கள். முன் வரியைத் திரும்பிப் பார்க்காதீர்கள், அடிக்காதீர்கள். நேரம் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். முடிவு தெரிந்த வேலைக்கு மனம் எளிதில் இணங்கும். வாரத்திற்கு மூன்று முறையாவது இப்படிச் செய்யுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இப்படி எழுதியது கட்டுரை ஆகிவிடாது. பெரும்பகுதி பதராகத்தான் இருக்கும். சிறிது நேரம் கழித்துத் திரும்பப் படித்து, உயிருள்ள ஒன்றிரண்டு வரிகளுக்கு அடிக்கோடிடுங்கள். அவற்றை வைத்து மறுபடி எழுதும்போது இலக்கணமும் வேண்டும், அகராதியும் வேண்டும். முட்டுக்கட்டைக்கு வேலை அப்போதுதான்.

அந்த மாணவியும் அப்படியே செய்தார். தம் கேள்விக்குத் தாமே விடை தேடி, படம் வரைந்து, இரண்டு பக்கம் எழுதிவந்தார். ஒற்றுப்பிழைகள் நான்கு இருந்தன. இருவரும் உட்கார்ந்து திருத்தினோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.