'எரேஸ் டிஸ்க்' என்றால் எந்த டிஸ்க்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலருக்கு லினக்ஸையும் போட்டுப் பார்க்கலாமே என்ற ஆசை வருகிறது. தாராளமாகப் போடலாம். ஆனால் உபுண்டுவை இன்ஸ்டால் செய்யும்போது, அதை எங்கே பதிய வேண்டும் என்று கேட்கும் ஒரு திரை வரும். அதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

அந்தத் திரையில் 'எரேஸ் டிஸ்க் அண்ட் இன்ஸ்டால் உபுண்டு' என்று ஒரு வரி இருக்கும். குழப்பமே இதில்தான். விண்டோஸில் பழகிய நாம் சி, டி என்பவற்றைத் தனித்தனி டிஸ்க்காக நினைக்கிறோம். கடைக்காரரும் "சி டிரைவை மட்டும் ஃபார்மட் பண்றேன், டியில இருக்கிறது பத்திரமா இருக்கும்" என்றே சொல்லிப் பழக்கியிருக்கிறார். உண்மையில் பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இவை ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு பார்ட்டிஷன்கள். உபுண்டு சொல்லும் டிஸ்க் அந்த முழு ஹார்ட் டிஸ்க். சி, டி, ரெகவரி பார்ட்டிஷன் எல்லாமே போய்விடும்.

எங்கள் இளம்பிள்ளையில் சேலை டிசைன் போடுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். பார்டர், முந்தி, புட்டா என்று நாள்கணக்கில் கட்டம் கட்டமாக வரைந்த ஃபைல்கள் டி டிரைவில் இருக்கும். விண்டோஸ் போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். டிசைனை எந்த சிடியிலிருந்து எடுப்பது?

எச்சரிக்கை வாசகம் இருக்கிறது, ஆனால் சிறிய எழுத்தில். எச்சரிக்கையை நம்பினாலும் போதாத காலம் ஒன்று இருந்தது. 2014-இல் உபுண்டு 14.04 வெளிவந்த சமயத்தில், பழைய உபுண்டுவை மட்டும் நீக்கிப் புதியதைப் போடுவதாகச் சொன்ன வாய்ப்பு மற்ற பார்ட்டிஷன்களையும் சேர்த்து அழித்ததாகப் பிழைப் புகார்கள் பதிவாயின. படித்துப் பார்த்துத் தேர்வு செய்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள் என்பதுதான் கொடுமை.

இன்னொன்று. விண்டோஸ் இருக்கும்போதே, ஆபரேட்டிங் சிஸ்டம் எதுவும் காணப்படவில்லை என்று செய்தி வந்தால் உடனே வெளியேறிவிடுங்கள். டைனமிக் டிஸ்க், ரெய்டு போன்ற அமைப்புகளில் இன்ஸ்டாலருக்கு விண்டோஸ் தெரியாமல் போவதுண்டு.

அழிந்துவிட்டது என்றால் கம்ப்யூட்டரை உடனே நிறுத்துங்கள். அதில் எதையும் புதிதாகப் பதியக் கூடாது. பென் டிரைவிலிருந்து லினக்ஸை பூட் செய்து, டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச புரோகிராமால் காணாமல்போன பார்ட்டிஷனைத் தேடலாம். அது கிடைக்காவிட்டால் ஃபோட்டோரெக் மூலம் ஃபைல்களையாவது மீட்கப் பார்க்கலாம். ஆனால் ஃபைல் பெயர்கள் பெரும்பாலும் திரும்ப வராது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் இதற்கு ஓரளவு வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் ஃபார்மட் செய்யும்போதே பழைய இடம் காலி என்று டிரைவுக்குத் தெரிவிக்கப்பட்டுவிடுவதால், பெரும்பாலும் எதுவும் தேறாது.

எனவே இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, ஓரிரண்டைத் திறந்து பார்த்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். பிறகு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்து 50 ஜிபி காலி இடம் ஒதுக்குங்கள். இன்ஸ்டாலரில் பார்ட்டிஷன்களை நாமே தேர்வு செய்யும் வாய்ப்புக்குப் போனால், அந்த 50 ஜிபியை அளவைக் கொண்டே அடையாளம் காணலாம். அங்கே சி, டி என்ற பெயர்கள் வராது.