மோதினா ரீஸ்டார்ட்!

வீடியோ கேம்ல கார் ஓட்டி, டிவைடர்ல ஏத்தி, லாரியில மோதி... அப்புறம் என்ன செய்வீங்க? ரீஸ்டார்ட் அமுக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பீங்க. உங்களுக்கு அது டைம்பாஸ். டிரைவரே இல்லாம ஓடும் கார்களுக்கு அதுதான் டிரைவிங் ஸ்கூல்!

'ஏன், ரோட்டுலயே ஓட்டிப் பழக வேண்டியதுதானே?' என்கிறீர்களா? அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2016-ல் ஒரு கணக்குப் போட்டது. மனுஷன் ஓட்டுற அளவுக்காவது இந்தக் கார் பத்திரமானதுன்னு நிரூபிக்க, ஒரு உயிர்கூடப் போகாம 27.5 கோடி மைல் ஓட்டிக் காட்டணும். 100 கார்களை ராத்திரி பகலா, லீவே விடாம, மணிக்கு 25 மைல் வேகத்தில் ஓட்டினால் பன்னிரண்டரை வருஷம் ஆகும். அதுக்குள்ள சாஃப்ட்வேர் எத்தனை தடவை மாறியிருக்கும்!

அதனால்தான் கூகுளில் பிறந்த வேமோ, கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு மாய உலகத்தைக் கட்டியது. பெயர் கார்கிராஃப்ட். 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' ஞாபகம் வருதா? கரெக்ட், அங்கே சுட்ட பெயர்தான். 2017-ல் அதுக்குள்ள 25,000 கார்கள், தினமும் 80 லட்சம் மைல். நிஜ ரோட்டில் கார் திணறின இடத்தை அப்படியே உள்ளே வரைஞ்சுக்குவாங்க. அப்புறம் குறும்பு ஆரம்பம். எதிர் வண்டி இன்னும் வேகமா வந்தா? நடுவுல ஒரு பைக் புகுந்தா? ஜாகிங் போறவர் வளைஞ்சு வளைஞ்சு ஓடினா? ஒரே திருப்பம், ஆயிரக்கணக்கான விதம். ஒரு கார் கத்துக்கிட்டா எல்லாக் காருக்கும் பாடம் போய்ச் சேர்ந்துடும். ஒருத்தன் படிச்சா கிளாஸே பாஸ். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை!

ஆனா, வில்லங்கம் இருக்கு. 2018 மார்ச் 18, அரிசோனா மாநிலம் டெம்பி நகரம். ராத்திரியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண்மணி, ஊபரின் சோதனைக் கார் மோதி இறந்துபோனார். ஸ்டீயரிங் முன்னால் இருந்தவரின் கவனம் ரோட்டில் இல்லை. காரோ, மோதுறதுக்கு 5.6 செகண்டு முன்னாடியே அவரைக் கண்டுபிடிச்சிருக்கு! வண்டியா, வேற ஏதோவா, சைக்கிளான்னு மாத்தி மாத்தி நினைச்சதிலேயே நேரம் போயிடுச்சு. ஜீப்ரா கிராஸிங் இல்லாத இடத்திலும் ஒரு ஆள் குறுக்கே நடப்பார் என்பதை யாரும் அதுக்குச் சொல்லித் தரலை. அரசு விசாரணை அறிக்கையில் இதைப் படிச்சப்போ எனக்குப் பக்குன்னு ஆச்சு.

அந்த மாசக் கடைசியில் என்விடியா தன் ரோட்டுச் சோதனைகளை நிறுத்தி வெச்சது. அதே சமயத்தில் அது அறிமுகப்படுத்தினது 'டிரைவ் கான்ஸ்டலேஷன்'. இதில் ஒரு கம்ப்யூட்டர், கேமராவும் ரேடாரும் பார்க்கிற காட்சிகளைப் பொய்யாத் தயாரிக்கும். இன்னொன்னு, காரில் இருக்கும் அதே மூளை. பொய் ரோட்டை நிஜம்னு நம்பி ஓட்டும். மழை, பனி, கண் கூசுற வெயில்... கேட்டா வரும். ஆனா சைக்கிள் தள்ளுற ஆளை யாராவது கேட்டாத்தானே வருவார்?

நீங்களே கேட்கலாம். 2017-ல் வந்த 'கார்லா' சிமுலேட்டர் இலவசம், ஓப்பன் சோர்ஸ். கேம்கள் செய்யும் அன்ரியல் இன்ஜின் மேல கட்டினது. கொஞ்சம் பைத்தான், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும் ஒரு லேப் கம்ப்யூட்டர் போதும். முதல் வேலையா ராத்திரியை வரவழைச்சு, கிராஸிங் இல்லாத இடத்தில் ஒரு ஆளை நடக்க விடுங்க. காரை ஸ்டார்ட் பண்ணுங்க.