கண்ணாடிக்குள் தணல் – 11: வளைந்த தகட்டை நிமிர்த்தாதீர்!

போன வாரத்தோடு நம் வால்வு ரேடியோவின் பவர் சப்ளை முடிந்தது. பழைய எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்களை மாற்றியாயிற்று, ‘ம்ம்ம்’ என்ற உறுமலும் அடங்கியாயிற்று. விட்டுப்போனவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் டயல் கயிறு கட்டுவது எப்படி என்று சொல்வதாக வாக்கு. ஆனால் கயிறு போய்ச் சேருகிற இடம் கேங் கண்டென்சர். அதைத் துடைக்கலாமே என்று உட்கார்ந்தவன் அங்கேயே நின்றுவிட்டேன்.

குமிழைத் திருகினால் கண்ணாடியில் முள் ஓடுகிறது. முள் வெறும் அறிவிப்பாளர்தான். வேலை நடப்பது கேங்கில். ஒரு வரிசைத் தகடுகள் அசையாமல் நிற்க, இன்னொரு வரிசை தண்டோடு திரும்பி, அவற்றின் இடுக்குகளுக்குள் உரசாமல் நுழையும். இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மீடியம் வேவ் 525 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1605-ல் முடிகிறது, மூன்று மடங்கு. அதிர்வெண் மூன்று மடங்கு ஏற வேண்டுமானால் கண்டென்சரின் கொள்ளளவு ஒன்பது மடங்கு இறங்க வேண்டும். இத்தனையும் தண்டின் அரைச் சுற்றுக்குள்.

தகட்டின் வடிவத்தைப் பாருங்கள். ஆரம்ப காலத்தில் சரிபாதி வட்டமாக வெட்டினார்கள். அதனால் ஸ்டேஷன்களெல்லாம் டயலின் ஒரு முனையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன, மறுமுனை காலி. 1920களின் நடுவில் தகட்டையே கோணலாக, காது மடல் மாதிரி வெட்டும் வழக்கம் பரவியது. ஸ்டேஷன்கள் விலகி உட்கார்ந்தன.

என்னை நிறுத்தி வைத்தது அதுவும் இல்லை. சுழலும் தகடுகளில் ஓரத்தில் இருப்பதை மட்டும் உற்றுப் பாருங்கள். விளிம்பிலிருந்து தண்டை நோக்கி நாலைந்து கீறல்கள் வெட்டியிருக்கும். கீறல்களுக்கு நடுவே உள்ள துண்டுகளில் ஒன்று உள்ளே சாய்ந்திருக்கும், இன்னொன்று வெளியே பிதுங்கியிருக்கும். ‘எவனோ கீழே போட்டு நசுக்கிவிட்டான்’ என்றுதான் தோன்றும். கை துறுதுறுக்கும். தொடாதீர்கள்! தொழிற்சாலையில் ஒருவர் அளவுக் கருவியைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு துண்டாக வளைத்து வைத்தது அது. ஒரே தண்டில் திரும்பும் கேங்கின் இரண்டு பிரிவுகளும் எந்தக் கோணத்திலும் ஒரே அளவு காட்ட வேண்டும். அச்சில் வெட்டிய தகடுகள் அந்த நுணுக்கத்துக்கு வராது. கடைசித் திருத்தம் விரலில்தான்.

இதில் ஒரு வரிசை முறையும் உண்டு. தகடு உள்ளே நுழையும்போது முதல் துண்டு முதலில் நுழைகிறது. நுழைந்தது கடைசிவரை உள்ளேயே இருக்கிறது. ஆகவே முதல் துண்டை வளைத்தால், கீழ்ப்படியை உயர்த்தினால் மேல்படிகள் எல்லாம் உயர்வது போல, அதன் பின்னால் வரும் எல்லா இடமும் மாறும். கடைசித் துண்டு டயலின் கடைசி ஓரத்தை மட்டுமே தொடும். திருத்துகிறவர் 1600 பக்கத்திலிருந்து 550 பக்கத்துக்குத்தான் வர வேண்டும். எதிர்த்திசையில் போனால் விடிய விடிய வளைக்கலாம்.

என்னிடம் வந்த ஒரு செட்டில் சுத்தக்காரர் யாரோ எல்லாத் துண்டுகளையும் நேராக்கியிருந்தார். பார்க்க அழகு. 1400-ல் நன்றாகப் பாடியது, 600-லும் பாடியது. நடுவில் சவசவ.

நடுவில் ஏன் என்றால், கேங்கின் ஒரு பிரிவு ஸ்டேஷனைப் பிடிக்கிறது, மற்றது ஆஸிலேட்டரை ஓட்டுகிறது. ஆஸிலேட்டர் எப்போதும் ஸ்டேஷனைவிட 455 கிலோஹெர்ட்ஸ் மேலே ஓட வேண்டும். இது 1918-ல் அமெரிக்க ராணுவத்துக்காகப் பாரிஸில் இருந்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் கண்ட சூப்பர்ஹெட்டரோடைன் ஏற்பாடு. அப்படியானால் ஆஸிலேட்டர் 980-ல் தொடங்கி 2060-ல் முடியும். ஒரே தண்டு, ஒருவர் மும்மடங்கு ஏற வேண்டும், கூட வருபவர் இருமடங்கும் கொஞ்சமும். பேடர், ட்ரிம்மர் என்ற துணைக் கண்டென்சர்களால் முட்டுக் கொடுத்தும் இருவரும் துல்லியமாகச் சேர்வது டயலில் மூன்றே இடங்களில். மற்ற இடங்களில் சற்று முன்னே பின்னேதான்; நம் காது மன்னித்துவிடுகிறது. அந்த மன்னிப்புக்கும் ஓர் எல்லை உண்டு, சுத்தக்காரர் அதைத் தாண்டிவிட்டார்.

கேங்கைச் சுத்தம் செய்ய மென்மையான தூரிகையும் ஊதலும் போதும். தண்டை அழுத்தித் தொடும் பித்தளை ஸ்பிரிங்கில்தான் கரகரப்பு குடியிருக்கும். அதை ஆல்கஹாலில் துடையுங்கள். பேரிங்கில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், தகடுகளில் சொட்டும் கூடாது. கேங்கைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் கல்லாகியிருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கரின் அதிர்வு தகடுகளை ஆட்டி, செட் தானாகவே ஊளையிடும்.

இன்னொன்று. யுசிஎச்81 போன்ற ‘யு’ வரிசை வால்வுகள் உள்ள ஏசி/டிசி செட்டில் மெயின்ஸின் ஒரு முனை நேராகச் சேசிஸில் இருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் ட்யூனிங் தண்டிலும் கரண்ட் வரலாம். குமிழின் சிறு திருகின் மேல் மெழுகு அடைத்திருப்பது அழுக்கு என்று சுரண்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள். பிளக்கைக் கழற்றாமல் கயிற்றில் கை வைக்கவே கூடாது.

கயிறு! அதற்கு ஏன் இத்தனை பாடு என்பதை மட்டும் சொல்கிறேன். 6 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் ஷார்ட் வேவ் டயலில், கேங் ஒரு டிகிரி திரும்பினால் சராசரியாக 67 கிலோஹெர்ட்ஸ் நகர்கிறது. ஐந்தாறு ஸ்டேஷன்கள் அதற்குள் அடங்கிவிடும். 6 மி.மீ. தண்டு, 90 மி.மீ. சக்கரம் என்றால் குமிழை ஏழரைச் சுற்றுச் சுற்றினால்தான் கேங் அரைச் சுற்று திரும்பும். கயிறு துளி தொய்ந்தாலும் இந்த நிதானம் போச்சு.

ஒரு பெரியம்மாவின் செட்டில் டயல் கண்ணாடியில் சாந்துப் பொட்டு ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. சிலோன் ஸ்டேஷன் அங்கேதான் வருமாம். கயிறு மாற்றி, கேங்கை முழுக்க மூடி, முள்ளை அச்சடித்த கோட்டில் நிறுத்திக் கொடுத்தேன். பார்த்தார். “தம்பி, எழுத்து எங்க வேணா இருக்கட்டும். முள்ளு பொட்டுல நிக்கணும்.” கழற்றி, விரற்கடை தள்ளி மாட்டிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் கயிறு நிச்சயம். அதற்குள் அவசரப்பட்டுப் பழையதை அறுத்துவிடாதீர்கள். தண்டில் எத்தனை சுற்று, எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது, சக்கரத்துக்குள் ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்று மூன்றையும் வரைந்துகொள்ளுங்கள். செல்போனில் படம் எடுத்தால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் வேண்டும்.