பழைய பெஜோவும் உம்மாவின் பங்கும்

“ஒரே குடும்பம் பாவித்த பெஜோ 404. நல்ல நிலையில். விற்பனைக்கு.” ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் சிறு விளம்பரங்களுக்கிடையே இப்படியொரு வரி இன்றும் எப்போதாவது கண்ணில் படும். ஆண்கள் நின்று வாசிப்பார்கள். பெண்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ஆனால் சகோதரிகளே, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இத்தகைய கார் விலைக்கு வரும்போது பல சமயம் அதன் பின்னால் ஒரு பெண்தான் இருக்கின்றாள். ஓட்டியவர் மௌத்தாகியிருப்பார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். போர்ட்டிகோவில் நிற்கும் வண்டிக்குக் காவலாக உம்மா மட்டும் வீட்டில் இருப்பார். அந்த உம்மா அறிந்திருக்க வேண்டிய சில விஷயங்களை எழுதுவதே என் நோக்கம்.

பெஜோ பிரான்ஸ் நாட்டுக் கம்பெனி. கார் செய்வதற்கு வெகு காலத்துக்கு முன்பே அந்தக் குடும்பத்தார் மரம் அறுக்கும் வாள், கோப்பிக்கொட்டை அரைக்கும் ஆலை முதலியவற்றைச் செய்து விற்றார்கள். 1874இல் அவர்கள் செய்யத் தொடங்கிய மிளகு அரைக்கும் கைக்கருவி இன்றைக்கும் அதே பெயரில் சமையலறைகளில் புழங்குகின்றது. காரின் முகப்பில் இருக்கும் சிங்கமும் முதலில் வாளுக்குப் போட்ட முத்திரைதான். சிங்கத்தின் பல்லைப்போல உறுதியானது என்பது கருத்து.

404 என்ற மாதிரி வெளிவந்தது 1960இல். உருவத்தை வரைந்து கொடுத்தது இத்தாலியின் பினின்ஃபரினா நிறுவனம். பின்புறம் இரண்டு பக்கமும் மீன்செட்டை போல் எழும்பி நிற்கும். கியர்த் தண்டு ஸ்டியரிங்கின் கீழே இருக்கும். 1618 சீசீ எஞ்சினை 45 பாகை சரித்துப் பொருத்தியிருப்பார்கள். கிழக்கு ஆபிரிக்காவின் சேற்றுப் பாதைகளில் நடந்த சஃபாரி ஓட்டப் போட்டியை இந்தக் கார் 1963, 1966, 1967, 1968 என நான்கு முறை வென்றது. அங்கே தாக்குப்பிடித்த வண்டிக்கு எங்கள் நாட்டுப் பாதைகள் ஒரு பொருட்டா? பிரான்ஸில் 1975 வரை இதைச் செய்தார்கள். மொத்தத்தில் 28 இலட்சத்துக்கும் மேல் வெளிவந்தன.

இவ்வளவு பழைய வண்டி கொழும்பில் எப்படித் தங்கியது? அதற்குக் காரணம் ஆசை மாத்திரம் அல்ல, தட்டுப்பாடும்தான். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது கார் இறக்குமதி இறுகிப்போயிற்று. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, வீட்டில் ஒரு கார் இருந்தால் அதையே பார்த்துப் பார்த்துப் பாவிக்க வேண்டியிருந்தது. 404இன் எஞ்சினில் சிலிண்டர் உறைகளைக் கழற்றிப் புதியதைப் போடலாம். எஞ்சின் தேய்ந்துவிட்டது என்பதற்காக வண்டியைத் தூக்கிப்போடத் தேவையில்லை. மீதியைப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள் பார்த்துக்கொண்டன. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழர்களின் வீடுகளோடு வாகனங்களும் எரிக்கப்பட்டன. அந்த நாட்களையும் கடந்து வந்த வண்டியென்றால் அதன் கதை இன்னும் நீண்டது.

சில வருடங்களுக்கு முன் வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்கு வாரிசுப் பங்கு பிரித்துச் சொல்ல என்னை அழைத்திருந்தார்கள். வீடு, காணி, வங்கிப் பணம் எல்லாம் பட்டியலில் இருந்தன. வாசலில் துணி போர்த்தி நின்ற 404 மட்டும் அதில் இல்லை. கேட்டேன்.

“அது பழைய இரும்பு ஹஸ்ரத். ஒரு புரோக்கர் இழுத்துக்கொண்டு போறதாச் சொல்லியிருக்கிறார்” என்றார் மூத்த மகன்.

திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது: “ஒங்கட வாப்பா நாப்பது வருஷம் தொடச்ச கார் மகன் அது. இரும்பா காரா எண்டு அதப் பாக்கத் தெரிஞ்ச ஒருத்தர்ட்டக் கேளுங்க.”

உம்மா சொன்னதுதான் சரி. மையித்து விட்டுச்சென்ற ஊசியும் வாரிசுகளின் சொத்துத்தான். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் நீங்கிய பின் மீதியில், பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மகளுக்கு மகனின் பங்கில் பாதி. நம் நாட்டுச் சட்டத்திலும் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச்சட்டம் இதற்கு இடமளித்திருக்கின்றது. மூத்தவர் என்பதற்காக ஒருவர் தனியே விலை பேச முடியாது.

வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் முதலில் எஞ்சினைப் பார்க்கவில்லை. தரைவிரிப்பைத் தூக்கினார். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அப்பால் கடல். அந்த உப்புக் காற்று காரை அடியிலிருந்துதான் தின்னும். கதவின் கீழ்விளிம்பிலும் சக்கர வளைவிலும் ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பார்த்தார். தகடு இருக்கும் இடத்தில் ஒட்டியது. துருவை மறைத்துப் பட்டி பூசியிருந்த இடத்தில் விழுந்தது. பின் அச்சில் இரைச்சல் இருப்பதையும் சொன்னார். அதிலுள்ள வெண்கலப் பற்சக்கரம் தேய்ந்தால் மாற்றுத் தேடுவது சிரமமாம். ஆனால் எஞ்சின் இலக்கமும் செஸி இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்தின. பழைய கார் சேகரிப்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.

துருவையும் இரைச்சலையும் விளம்பரத்திலேயே எழுதச் சொன்னேன். விலை விழுந்துவிடும் என்று பிள்ளைகள் பயந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த ஹதீஸை நாம் அறிவோம். பட்டிக்கு மேல் பூசிய புதுப் பெயின்ட்டும் அந்தக் குவியலின் காய்ந்த மேற்பாகம் போன்றதுதானே? மறைத்த குறை பின்னர் தெரிந்தால் பொருளைத் திருப்பித்தர வாங்கியவருக்கு உரிமை உண்டு. குறை இல்லாவிட்டாலும், பேரம் முடிந்த சபையை விட்டுப் பிரியும்வரை இரு தரப்பாரும் மனம் மாறலாம் என்பது நம் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். விலையை ஏற்றுவதற்காக வாங்கும் எண்ணமில்லாத ஒருவரைக் கொண்டு கூட்டிக் கேட்கவைப்பது ஹராம்.

வாங்க வந்தவர் துருவை நேரில் பார்த்துவிட்டு, எழுதியபடிதான் இருக்கின்றது என்றார். அதைக் காட்டி அவர் விலை குறைக்கவில்லை. புரோக்கர் சொன்னதைவிட நல்ல விலை கிடைத்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பாவித்த கார்களின் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. ஆகவே அண்டைவீட்டார் அன்று விற்ற விலையை வைத்து இன்று கணக்குப் போடாதீர்கள். இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். சேகரிப்பவர் ஒரு விலை சொல்வார், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுபவர் ஒரு விலை சொல்வார், உதிரிப்பாகத்துக்குக் கழற்றுபவர் வேறு விலை சொல்வார்.

இன்னொன்று. வாங்குபவரின் பெயரை எழுதாமல் வெறுமையாக விட்டு மாற்றுப் படிவத்தில் கையொப்பம் வாங்கும் பழக்கம் கொழும்பில் உண்டு. ஒப்பமிடாதீர்கள். வண்டி நாளை எங்காவது மோதினால் பொலிஸ் தேடி வருவது பதிவிலுள்ள பெயரைத்தான். மௌத்தானவரின் பெயரில் உள்ள காரென்றால் முதலில் வாரிசுகளின் பத்திரங்களைச் சரிசெய்து, பின்பு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றம் முடிந்ததா என்று பாருங்கள். அதன் பிரதி ஒன்றை பங்குக் கணக்கு எழுதிய கொப்பிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.