ஐவர் போனால் அணி போகுமா?

கூடைப்பந்தாட்டம் பார்க்கும்போது நம் கண்கள் பந்தையும் வளையத்தையும் விட்டு அகலுவதில்லை. களத்தின் ஓரத்தில் பெஞ்சில் வரிசையாக அமர்ந்திருப்பவர்களை நாம் பார்ப்பதே இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு அந்த அணி வெல்லுமா, தோற்குமா என்று அறிய விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பெஞ்சைத்தான். அது ஏன் என்பதை அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அணி ஒன்றின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

நாட்டின் அணியில் ஆடுபவர் உடலில் வலு உள்ளவரை பத்து, பதினைந்து ஆண்டுகள் கூட ஆடலாம். கல்லூரி அணியிலோ படிப்பு முடிந்தால் ஆட்டமும் முடிந்தது. முதலாண்டில் ஒன்றும் தெரியாமல் வருகிறாள், இரண்டாமாண்டில் கற்கிறாள், மூன்றாமாண்டில் தேர்கிறாள், நான்காமாண்டில் அணியைத் தோளில் சுமக்கிறாள். சரியாக அந்த நேரத்தில் விடை பெற்றுச் சென்றுவிடுகிறாள்! ஆகவே கல்லூரிப் பயிற்சியாளர் ஒவ்வோர் ஆண்டும் பாதி கட்டிய வீட்டைத் திரும்பக் கட்டுகிறவர் என்றே சொல்லலாம்.

பெண்கள் ஆட்டம் வளர்ந்த விதம்

அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் ஆடுவதற்கென ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் 1891ஆம் ஆண்டு இவ்விளையாட்டைக் கண்டுபிடித்தார். பழக்கூடைகளே முதல் வளையங்கள். மறு ஆண்டிலேயே, அதாவது 1892இல், ஸ்மித் கல்லூரி ஆசிரியை செண்டா பெரென்சன் அதைத் தம் மாணவியருக்குக் கற்றுக் கொடுத்தார்.

எனினும் கல்லூரிப் பெண்களுக்கென நாடு தழுவிய பெரும் போட்டி 1972இல்தான் நடைபெற்றது. அதில் வென்றது எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் அன்று. பென்சில்வேனியா மாநிலத்தில் மரியாளின் மாசற்ற இருதய சபைக் கன்னியர் நடத்திய இம்மாக்குலாட்டா என்ற சிறு கல்லூரியே வென்றது. பயணச் செலவுக்குப் பணம் போதாமல், பல் துலக்கும் பிரஷ் விற்றுப் பணம் சேர்த்து, எட்டே வீராங்கனையரை அனுப்பி வைத்தார்கள். ஆட்டங்களின்போது வாளிகளைத் தட்டி ஒலியெழுப்பி உற்சாகம் ஊட்டியவர்களில் கன்னியரும் இருந்தார்கள்! 1972, 1973, 1974 என மூன்று ஆண்டுகள் அக்கல்லூரியே வாகை சூடியது.

அதே 1972ஆம் ஆண்டு கல்விக்கூடங்களில் ஆண், பெண் என்ற வேறுபாடு காட்டலாகாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணிகளுக்கும் உதவித்தொகை தரத் தொடங்கின. எண்ணற்ற ஏழைப் பெண்கள் விளையாட்டின் மூலம் பட்டம் பெற்றார்கள். ஆனால் சிறிய கல்லூரிகளால் அந்தச் செலவுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 1982 முதல் தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகமாகிய என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கான போட்டியை நடத்தி வருகிறது.

அணி மாறும் வழிகள்

ஆட்டப் பருவம் நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து ஏப்ரல் தொடக்கத்தில் முடியும். இடைப்பட்ட கோடையில்தான் அணிகள் உருமாறுகின்றன. படிப்பு முடித்தவர்கள் போகிறார்கள். அவர்களில் மிகச் சிறந்தவர்களை டபிள்யூ.என்.பி.ஏ. என்னும் தொழில்முறை அணிகள் ஏப்ரல் மாதத்தில் வரிசைப்படி தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. பள்ளியை முடித்த புதியவர்கள் வருகிறார்கள். காயமுற்று ஓராண்டு ஆடாமல் இருந்தவர்கள் திரும்புகிறார்கள்.

மற்றொரு வழி, ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு மாறுவது. முன்பெல்லாம் அவ்வாறு மாறுகிறவர் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். 2021 முதல் ஒரு முறை காத்திராமல் மாறலாம் என்றும், 2024 முதல் எத்தனை முறையானாலும் மாறலாம் என்றும் விதி தளர்ந்தது. 2021 ஜூலை முதல் விளம்பரங்கள் மூலம் மாணவியர் பணம் ஈட்டவும் அனுமதி கிடைத்தது. ஆகவே ஒரே கோடையில் ஓர் அணியே புதிதாக மாறிவிடுவதும் உண்டு.

தென் கரோலினாவின் கதை

இப்போது நம் உதாரணத்துக்கு வருவோம். தென் கரோலினாப் பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் பயிற்சியாளர் டான் ஸ்டேலி. 1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் வீராங்கனையாகத் தங்கப் பதக்கம் வென்றவர். 2008இல் இப்பணியை ஏற்றார். முதல் பருவத்தில் அவரது அணி வென்ற ஆட்டங்கள் 10, தோற்றவை 18.

2019இல் ஆலியா பாஸ்டன், ஜையா குக், பிரியா பீல், லடீசியா அமிஹெரே ஆகியோர் முதலாண்டு மாணவியராக வந்தார்கள். அவர்கள் இருந்த நான்கு பருவங்களில் அணி 129 ஆட்டங்களில் வென்றது; தோற்றவை 9 மட்டுமே. 2022இல் கோப்பையும் கிடைத்தது. 2023இல் ஒரு தோல்வியும் காணாமல் அரையிறுதிக்கு வந்தார்கள். அங்கே அயோவா பல்கலைக்கழகம் 77–73 என்று வென்றுவிட்டது. அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் தனி ஒருத்தியாக 41 புள்ளிகள் குவித்தாள்.

அந்த ஆட்டத்தில் ஒரு காட்சி. தென் கரோலினாவின் ரேவன் ஜான்சன் கையில் பந்து இருந்தபோது, "இவள் எறிந்தால் எறியட்டும்" என்பதுபோலக் கையசைத்துவிட்டு, கிளார்க் தடுக்காமல் விலகி நின்றாள். அது படமாகி நாடெங்கும் பரவியது.

அத்துடன் தொடக்க ஐவரும் விடை பெற்றார்கள். அக்கல்லூரியிலிருந்து ஐந்து பேரை அந்த ஆண்டு தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுத்தன. நாட்டிலேயே முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் ஆலியா பாஸ்டன். "இனி என்ன செய்வார்கள்?" என்ற கேள்வி எழுந்தது.

வாய்ப்பை எடைபோடுவது எப்படி?

புதிய பருவத்துக்கு முன் பத்திரிகையாளர்கள் வாக்களித்து அணிகளை வரிசைப்படுத்துவார்கள். 2023ஆம் ஆண்டு அசோசியேட்டட் பிரஸ் வரிசையில் முதலிடம் பெற்றது, நடப்பு வெற்றியாளராகிய லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம். ஏஞ்சல் ரீஸ் அங்கேயே இருந்தாள். போதாததற்கு லூயிவில்லிலிருந்து ஹெய்லி வான் லித், டிபாலிலிருந்து அனீசா மாரோ என்று வேறு அணிகளின் நட்சத்திரங்கள் இருவர் வந்து சேர்ந்தார்கள். தென் கரோலினாவுக்கு ஆறாம் இடம்.

பெயர்களை மட்டும் பார்த்தால் அந்த வரிசை சரிதான். ஆனால் ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐவர். ஆக, ஓர் ஆட்டத்தில் பங்கிட வேண்டியவை 200 நிமிடங்கள். தொடக்க ஐவரும் ஆளுக்கு 36 நிமிடம் ஆடினால் பெஞ்சில் இருப்பவர்கள் அனைவருக்கும் சேர்த்து 20 நிமிடமே மிஞ்சும். ஆளுக்கு 26 நிமிடம் ஆடினால் 70 நிமிடம் மிஞ்சும். முதல் அணியில் இளையவர்கள் வேடிக்கை பார்த்து வளர்கிறார்கள். இரண்டாம் அணியில் ஆடி வளர்கிறார்கள். மூத்தவர்கள் போன பிறகுதான் இந்த வேறுபாடு வெளியே தெரியும்.

தென் கரோலினா இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பிரேசில் நாட்டிலிருந்து, பதினைந்து வயதில், அதாவது நம் வயதில், தாயையும் தாய்மொழியையும் விட்டு அமெரிக்கா வந்த கமீலா கார்டோசோ ஆறடி ஏழு அங்குல உயரம் உடையவள். ஆயினும் பாஸ்டன் இருந்ததால் பெரும்பாலும் பெஞ்சிலிருந்தே களம் புகுந்தாள். அப்படியிருந்தும் 2023இல் அந்த வட்டாரத்தின் சிறந்த மாற்று ஆட்டக்காரி என்ற விருது அவளுக்கே கிடைத்தது. முதலாண்டில் முழங்கால் காயத்தால் பருவத்தையே இழந்த ரேவன் ஜான்சனும் மாற்று ஆட்டக்காரியாகப் பழகியவள்தான். ஆரிகனிலிருந்து டெஹினா பாவோபாவோ வந்து சேர்ந்தாள். பள்ளியிலிருந்து மிலேசியா ஃபுல்வைலி, டெஸ்ஸா ஜான்சன் என்ற புதியவர்கள் வந்தார்கள்.

எண்கள் சொன்ன தீர்ப்பு

2023 நவம்பர் 6ஆம் நாள் புதிய பருவம் பிறந்தது. தென் கரோலினாவின் முதல் ஆட்டம் பாரிஸ் மாநகரில்! எதிரணி, திருச்சிலுவை சபைக் குருக்கள் 1842இல் நிறுவிய நோட்டர் டேம் பல்கலைக்கழகம். முடிவு 100–71. அன்று ஃபுல்வைலி பந்தை முதுகுக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து வளையத்தில் இட்ட அழகை உலகமே வியந்தது. அதே நாளில் முதலிடத்தில் இருந்த லூசியானா அணி, கொலராடோ அணியிடம் 92–78 என்று தோற்றது.

வெற்றி எளிதாகவும் வந்துவிடவில்லை. 2024 மார்ச்சில் டென்னசி அணியுடன் நடந்த ஆட்டத்தின் கடைசி நொடியில் தென் கரோலினா இரண்டு புள்ளிகள் பின்தங்கி இருந்தது. கார்டோசோ தொலைவிலிருந்து எறிந்த பந்து உள்ளே சென்று 74–73 என்று காப்பாற்றியது. கல்லூரி வாழ்வில் அவள் போட்ட முதல் மூன்று புள்ளிப் பந்து அது!

2024 ஏப்ரல் 7ஆம் நாள் கிளீவ்லாந்தில் இறுதியாட்டம். எதிரே மீண்டும் அயோவா, மீண்டும் கிளார்க். முதல் கால் பகுதியிலேயே அவள் 18 புள்ளிகள் எடுத்தாள். மீதி மூன்று பகுதிகளிலும் சேர்த்து அவளுக்குக் கிடைத்தவை 12தான். அவளைத் தடுக்கும் பணியில் முன் நின்றவள், ஓராண்டுக்கு முன் கையசைத்து ஒதுக்கப்பட்ட அதே ரேவன் ஜான்சன். கார்டோசோ 15 புள்ளிகள் எடுத்ததோடு, வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துகளை 17 முறை கைப்பற்றினாள். முதலாண்டு மாணவி டெஸ்ஸா ஜான்சன் பெஞ்சிலிருந்து வந்து 19 புள்ளிகள் சேர்த்தாள். தென் கரோலினா 87–75 என்று வென்றது. 38 ஆட்டம், 38 வெற்றி!

இந்த இறுதியாட்டத்தில் நாம் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு வேறொன்று. தென் கரோலினாவின் மாற்று ஆட்டக்காரிகள் எடுத்த புள்ளிகள் 37. அயோவாவின் மாற்று ஆட்டக்காரிகள் எடுத்தவை பூஜ்யம்.

மறுபக்கமும் உண்டு

இதைக் கொண்டு, வெளியிலிருந்து வருகிறவர்களால் பயனில்லை என்று முடிவு கட்டலாகாது. பாவோபாவோ வந்தவள்தான். கார்டோசோவும் 2021இல் சிரக்யூசிலிருந்து மாறி வந்தவள். ஆனால் வந்தவுடன் மகுடம் கேட்காமல், இரண்டு பருவங்கள் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து ஆடிக் கற்றாள் என்பதே முக்கியம்.

விதி தளர்ந்ததால் இழப்பும் உண்டு. தென் கரோலினாவில் வளர்ந்த ஃபுல்வைலி 2025இல் லூசியானாவுக்கே சென்றுவிட்டாள்! அவளைக் குறை கூறுவதற்கில்லை. பயிற்சியாளர்கள் அதிகச் சம்பளத்துக்குக் கல்லூரி மாறுவதை யாரும் தடுத்ததில்லை. ஆட்டக்காரி மட்டும் ஏன் கட்டுண்டு கிடக்க வேண்டும்? எனினும் நாற்று விட்டவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்று ஆகிவிட்டால், நாற்று விட யாருக்கு மனம் வரும் என்ற கேள்வி எழாமல் இல்லை. இதற்கு அமெரிக்கக் கல்லூரிகளே இன்னும் விடை தேடுகின்றன.

நமக்கு என்ன?

தோழியரே! நம் பள்ளி அணியிலும் ஆண்டுதோறும் மூத்தவர்கள் விடைபெறுகிறார்கள். "அந்த அக்காமார் போய்விட்டார்கள், இனிக் கோப்பை எங்கே?" என்ற பேச்சு ஒவ்வொரு ஜூன் மாதமும் எழுகிறது. தென் கரோலினாவின் வரலாறு அதற்கு விடை சொல்கிறது. யார் போனார்கள் என்று எண்ணுவதை விட, போகும் முன் அவர்கள் யாரை ஆட விட்டார்கள் என்று எண்ண வேண்டும்.

எட்டாம் வகுப்புச் சிறுமி பந்து பொறுக்கிப் போடுவதோடும், தண்ணீர்ப் பாட்டில் தூக்குவதோடும் நின்றுவிட்டால், அவள் திறமை விவிலியத்தில் வரும் ஊழியன் மண்ணில் புதைத்து வைத்த தாலந்து போலாகிவிடும். வெற்றி உறுதியான ஆட்டத்தில் கடைசி ஐந்து நிமிடமாவது மூத்தவள் அமர்ந்து இளையவளை அனுப்ப வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் அவள் பந்தைத் தவற விடலாம். தவற விட்டுக் கற்கட்டும். பெஞ்சில் காத்திருப்பவளும் தன் முறை வரும்வரை ஆட்டத்தைக் கண்ணால் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஐவர் போனால் அணி போகுமா? ஆறாமவளை ஆட விடாத அணி போகும். ஆட விட்ட அணி அடுத்த ஆண்டும் நிமிர்ந்து நிற்கும்.