பட்ஜெட்டுக்குள் ஒரு லேப்டாப் – 6: சுற்றும் தட்டு

போன வாரம் பிராசஸரோடு மல்லுக்கட்டி, படிப்புக்கு ஐ3 அல்லது ரைசன் 3 போதும் என்று முடித்தோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் திரை என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு போன் வந்துவிட்டது.

பேசியவர் ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயி. குறுவை நெல் போட்ட பணம் பேங்கில் ஏறியிருக்கிறது. கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் மகளுக்கு, தஞ்சாவூரில் செகண்ட் ஹேண்ட் கடையொன்றில் ஒரே விலைக்கு இரண்டு லேப்டாப் பார்த்திருக்கிறார். "ஒண்ணுல 1 டிபி ஹார்ட் டிஸ்க். இன்னொண்ணுல 256 ஜிபிதான், எஸ்எஸ்டியாம். நாலு மடங்கு இருக்கே சார், பெரிசையே எடுத்துடவா?"

எடுக்காதீர்கள். சின்னதை எடுங்கள்.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது, பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. கேட்ட தகவல் ஊசிக்கு அடியில் வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஊசி நகரும் நேரம் தனி. சிதறிக் கிடக்கும் தகவல் என்றால் விநாடிக்கு அறுபது முறை எடுப்பதே பெரும்பாடு. சுற்ற எதுவுமே இல்லாத எஸ்எஸ்டி, மலிவானதுகூட, ஆயிரக்கணக்கில் எடுத்துவிடும்.

இதைச் சரிபார்க்கப் போய்த்தான் இந்த வாரம் எனக்குத் தூக்கம் கெட்டது. உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை 1956-ல் ஐபிஎம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டடி அகலத்தில் 50 தட்டுகள், எடை சுமார் ஒரு டன். கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பத்தில் 25! அவ்வளவுக்கும் கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. 500 ஜிபி டிஸ்க் அதைப் போல ஒரு லட்சம் மடங்கு கொள்ளும். ஆனால் அந்தக் கிழவன் சுற்றியது நிமிடத்துக்கு 1,200. நம் லேப்டாப் தட்டு நாலரை மடங்கு வேகம், அவ்வளவே. எழுபது வருஷமாகக் களஞ்சியத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனவர்கள், வாசலை அப்படியே விட்டுவிட்டார்கள்.

தமிழக அரசின் லேப்டாப்களிலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு வந்த மாற்றம் தெரிகிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் 2 ஜிபி ராமும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும். 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு வந்தவற்றில் 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. எண் சிறுத்திருக்கிறது, வேகம் எங்கோ போய்விட்டது. வீட்டில் பழைய லேப்டாப் தூங்கினால் தட்டைக் கழற்றி, அதே இடத்தில் இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டியை மாட்டலாம். சர்வீஸ் கடைக்காரர் விண்டோஸும் போட்டுத் தந்துவிடுவார்.

ராம் பற்றி ஒன்றே ஒன்று. 8 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம். அது போர்டிலேயே பற்றவைத்ததா, கூட்டிக்கொள்ள ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். விற்பவர் முழித்தால் மாடல் நம்பரைக் குறித்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டதில் 2025 கடைசியிலிருந்தே ராம் விலை ஏறிக் கிடக்கிறது. பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளினால் செலவு கூடலாம்.

ஆசிரியர் இரண்டாம் தடவை கூப்பிட்டுவிட்டார். திரை அடுத்த வாரம், அதிலும் முக்கியமாக, பக்கவாட்டில் பார்த்தால் ஏன் சில திரைகள் வெளுக்கின்றன என்பது.